பூச்சுக்கு முன்னால் ஒரு போட்டோ

இரண்டு வருஷத்துக்கு முன், ஐப்பசி மழையில் ஏற்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். கட்டி ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. கீழ்ப் படுக்கையறைச் சுவரில் ஓதம். மலையில் ஓதம் சகஜம் என்று வீட்டுக்காரர் வருஷா வருஷம் பெயின்ட் அடித்தே சமாளித்திருக்கிறார். சுவரைத் தடவிப் பார்த்தேன். ஈரம் தரையிலிருந்து ஏறவில்லை, மேலேயிருந்து இறங்கியிருந்தது. மேலே குளியலறை.

பிளான் கேட்டேன். அனுமதிக்குக் கொடுத்த பிளானும் ஒரு பிளம்பிங் ட்ராயிங்கும் இருந்தன. ட்ராயிங்கில் பைப் கிழக்குச் சுவரில் இறங்கியது. அந்தச் சுவரில் மூன்று இடத்தில் டைல்ஸை உடைத்தோம். பைப்பே இல்லை. கடைசியில் அன்று வேலை செய்த கொத்தனாரைப் போனில் பிடித்தோம். "அன்னிக்கு பீம் குறுக்க வந்துருச்சுங்க சார். பிளம்பர் பைப்பை மேக்கால சுவத்துக்குத் திருப்பிட்டாருங்க" என்றார். மேற்குச் சுவரை உடைத்ததும் எல்போ மூட்டில் சொட்டுச் சொட்டாகக் கசிவு. அதே டைல்ஸ் இப்போது கடையில் இல்லை. அதனால் குளியலறை முழுவதையும் பெயர்த்து, புது டைல்ஸைச் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்றிக் கொண்டுவந்தோம்.

பிளம்பர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பீமை உடைக்காமல் பைப்பைத் திருப்பியது சரியான வேலை. திருப்பியதை யாரும் எழுதி வைக்கவில்லை, அதுதான் தப்பு.

நம் ஊரில் கொத்தனார் போன பிறகு பிளம்பர், அவர் போன பிறகு எலக்ட்ரீஷியன் என்று ஒவ்வொருவராக வருகிறார்கள். இப்போது என் வேலைகளில் கம்பி கட்டி முடிந்ததும், கான்கிரீட் போடுவதற்கு முதல் நாள், எல்லோரையும் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகைத் தளம்) மேல் அரை மணி நேரம் நிற்க வைக்கிறேன். வீட்டுக்காரரும் வர வேண்டும். கீஸர் எங்கே, வாஷிங் மெஷின் எங்கே என்பதை அங்கேயே முடிவு செய்தால், பைப் போகிற இடத்தில் ஸ்லீவ், அதாவது பைப் நுழைய வழி விடும் குழாய்த் துண்டு, வைத்துவிடலாம். கான்கிரீட் இறுகிய பிறகு ஓட்டை போட்டால் கம்பி அறுபடும்.

அப்புறம் போட்டோ. சுவரை வெட்டி பைப்பும் ஒயரிங் குழாயும் பதித்த பிறகு, பூச்சுக்கு முன்னால், ஒவ்வொரு அறையிலும் நான்கு சுவரையும் எடுக்க வேண்டும். தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் டேப் பிடித்து, அளவு தெரிகிற மாதிரி எடுங்கள். சுவரிலேயே சாக்பீஸில் அறையின் பெயரை எழுதிவிடுங்கள். டேப் இல்லாத போட்டோவில் எட்டு வருஷம் கழித்து எது எந்தச் சுவர் என்றே தெரியாது.

இந்தத் தகவல் ஒப்படைப்புக்கு உலக அளவில் ஐஎஸ்ஓ 19650 என்ற தரநிலையே இருக்கிறது. முதல் பகுதிகள் 2018ல் வந்தன, கட்டிடம் பயன்பாட்டில் இருக்கும் காலத்துக்கான மூன்றாம் பகுதி 2020ல் வந்தது. தனி வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை, ஒரு நோட்டு போதும். மோட்டார் பில், எந்த வாட்டர்ப்ரூஃபிங் எந்த வருஷம் அடித்தது, வால்வுகள் எங்கே என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

அபார்ட்மெண்ட்காரர்கள் இன்னும் கறாராக இருக்கலாம். 2016ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, கட்டியவர் பிளான்களையும் ஆவணங்களையும் குடியிருப்போர் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். சாவி வாங்கிய நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து சொன்னால் அவரே இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்கிறது 14ஆவது பிரிவு. சேலத்தில் நான் பார்த்த பல சங்கங்கள் சாவியை வாங்கிக்கொண்டு ஃபைலைக் கேட்காமலே வந்துவிட்டன. கேளுங்கள், உங்கள் உரிமை அது.

ஏற்காட்டு வீட்டில் புது பைப் போட்டபோது எடுத்த போட்டோக்களைப் பிரிண்ட் போட்டு, பிளாஸ்டிக் கவரில் வைத்து, மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிக் கொடுத்தேன். போன மாதம் வீட்டுக்காரர் போன் செய்தார். அம்மாவுக்குக் குளியலறையில் கைப்பிடி வைக்க வேண்டுமாம்.

"போட்டோ பார்த்தேனுங்க சார். மூலையிலிருந்து ரெண்டடி வரைக்கும் பைப் இல்லைங்களே, அங்க ட்ரில் போட்டுக்கலாமுங்களா?"

"போடுங்க" என்றேன்.