ஜூக் ஜாயிண்ட்: சொல்லும் பொருளும்

புதுப் படம் ஒன்றின் பாட்டுகள் வெளியானதும் யூடியூபில் 'ஆடியோ ஜூக்பாக்ஸ்' என்ற தலைப்பில் மொத்தத்தையும் ஒரே வீடியோவாகப் போட்டுவிடுகிறார்கள். பாக்ஸ் என்றால் பெட்டி, சரி. முன்னால் நிற்கும் 'ஜூக்' என்ன? அது ஒரு கடையின் பெயர். அமெரிக்காவின் தென் மாநிலங்களில், கறுப்பினத் தொழிலாளர்கள் வாரக் கடைசியில் கூடிக் குடித்து, ஆடி, சூதாடி, பாட்டுக் கேட்ட சின்னஞ்சிறு கடைக்கு ஜூக் ஜாயிண்ட் என்று பெயர். பெட்டி பிற்பாடு அந்தக் கடைக்குள் வந்து சேர்ந்தது.

சொல் பிறந்த இடம் தென் கரோலினா, ஜார்ஜியா மாநிலங்களின் கடலோரமும் தீவுகளும். நெல் வயல்களில் வேலை செய்ய மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர் அங்கே பேசும் மொழிக்குக் கல்லா என்று பெயர். (நம் கல்லாப்பெட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அம்மொழியில் 'ஜுக்' என்றால் அடங்காத, ஒழுங்கு கெட்ட என்று பொருள். லொரென்ஸோ டவ் டர்னர் என்ற கறுப்பின மொழியியலாளர் கல்லா பேசுவோரிடையே பல ஆண்டுகள் சுற்றி ஆராய்ந்து, 1949இல் முடிவுகளை வெளியிட்டார். இந்தச் சொல்லுக்கு அவர் மேற்கு ஆப்பிரிக்காவில் வேர் காட்டினார். வோலோஃப் மொழியில் இதையொத்த சொல்லுக்குக் கெட்ட வழியில் வாழ்தல் என்று பொருள். பம்பாரா மொழியில் 'ஜுகு' என்றால் கெட்டது, பொல்லாதது. அகராதிகள் பெரும்பாலும் இதைத்தான் ஏற்கின்றன.

பழைய உச்சரிப்பு குறில்தான்: ஜுக். அதனால்தான் எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன் 1934இல் இந்தக் கடைகளைப் பற்றி எழுதியபோது 'புக்', 'குக்' போல இரண்டு ஓ போட்டு எழுதினார். இன்று நெடில் நிலைத்துவிட்டதால் தமிழில் ஜூக் என்றே எழுதலாம். 'ஜாயிண்ட்' நமக்குக் கலெக்டர் ஆபீசிலும் பேங்கிலும் பழகிய சொல். அமெரிக்கக் கொச்சையிலோ, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அபின் புகைக்கும் இடத்துக்கு அதைச் சொன்னார்கள். அப்புறம் மட்டமான கடை எதற்கும் அதுவே பெயராயிற்று. ஆக, இரண்டு பாதியிலும் வசவு இருக்கிறது.

இந்த வசவு சும்மா வந்ததில்லை. அடிமை முறை ஒழிந்த பிறகும், மிசிசிப்பி மாநிலத்தின் டெல்டா என்ற பருத்திப் பகுதியில் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் பண்ணையார் நிலத்தில் பங்குக்குப் பருத்தி விளைவித்து, அவரிடமே கடன்பட்டுக் கிடந்தார்கள். நிறவெறிச் சட்டங்களால் வெள்ளையர் போகும் இடங்களுக்குள் நுழைய முடியாது. சனிக்கிழமை இரவுக்கு என்று ஒரு இடம் வேண்டுமென்றால் தாங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். யாராவது ஒருவர் வீட்டு முன்னறையில் கட்டிலை ஒதுக்கிவிட்டு மீன் பொரித்து விற்பார், சோளச் சாராயம் ஊற்றுவார், கிதார்காரரை உட்கார வைப்பார். மிசிசிப்பியில் மதுவிலக்கு 1908இல் வந்து 1966இல்தான் போனது. அமெரிக்க மாநிலங்களில் அதைக் கடைசியாகக் கைவிட்டது அதுதான். அதனால் ஜூக் நடத்துவது என்றாலே பெரும்பாலும் சட்டத்துக்குப் புறம்பான தொழில்தான். ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் இசைவகையில் பிற்பாடு பேர்பெற்ற பாடகர் மடி வாட்டர்ஸ், ஸ்டோவால் பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் தன் குடிசையிலேயே ஒரு ஜூக் நடத்தினார். அவர் பாட்டை 1941இல் நாட்டுப்புறப் பாட்டுகளைத் தேடிச் சேகரித்த ஆலன் லோமாக்ஸும் ஜான் வொர்க்கும் பதிவு செய்தது அந்தப் பண்ணையில்தான். இரண்டு வருடத்தில் அவர் சிகாகோவுக்கு ரயிலேறிவிட்டார். அந்தக் குடிசையின் மரச்சட்டங்கள் இப்போது கிளார்க்ஸ்டேல் ஊரில் உள்ள டெல்டா ப்ளூஸ் மியூசியத்தில் இருக்கின்றன.

கிளார்க்ஸ்டேல், மெம்ஃபிஸ் நகரத்திலிருந்து தெற்கே சுமார் 120 கிலோமீட்டர். நான் போனது மியூசியத்துக்குத்தான். இரவுச் சாப்பாட்டுக்கு இடம் தேடி சன்ஃபிளவர் ஆற்றங்கரைப் பக்கம் நடந்தபோது, பூட்டிக் கிடக்கும் கிடங்கு என்று நினைத்த ஒரு செங்கல் கட்டடத்துக்குள்ளிருந்து பாஸ் கிதார் அதிர்ந்தது. அது ரெட்ஸ் லவுஞ்ச். மேடை கிடையாது. தரையில் விரித்த கம்பளம்தான் மேடை. பாடுபவரின் ஷூவுக்கும் என் ஷூவுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம். தாழ்ந்த கூரை, சிவப்பு விளக்கு. அவர் ஒரு வரி பாடி நிறுத்துவார், கிதார் பதில் சொல்லும். அதே வரியை மறுபடி பாடுவார், கிதார் வேறு மாதிரி பதில் சொல்லும். மூன்றாவது வரியில்தான் விஷயம் வெளியே வரும். பன்னிரண்டு தாள அளவுகளில் ஒரு சுற்று முடிந்துவிடும். ப்ளூஸ் பாட்டின் வழக்கமான கட்டு இதுதான். தமிழில் சும்மா கட்டிப் பார்த்தால் இப்படி வரும்:

விடிஞ்சா பருத்திக் காடு, வெயிலு முதுகத் தின்னும்
ஆமாய்யா, விடிஞ்சா பருத்திக் காடு, வெயிலு முதுகத் தின்னும்
சனிக்கிழமை ராத்திரிதான் எனக்குன்னு கொஞ்சம் மிஞ்சும்

இரண்டாவது தடவை அதே வரி வரும்போது கூட்டம் சேர்ந்துகொள்கிறது. 'ஆமா, ஆமா' என்று யாரோ பின்னாலிருந்து குரல் கொடுக்கிறார்கள். கச்சேரியில் 'பலே' போடுவது வித்தையைப் பாராட்ட. இங்கே வரும் ஆமா, 'எனக்கும் அப்படித்தான்' என்பதற்கு.

கடையை நடத்திய ரெட் பேடன் 2023 இறுதியில் காலமானார். மெரிகோல்ட் ஊருக்கு வெளியே, வயல் நடுவில் பங்கு விவசாயி ஒருவரின் பழைய குடிசையில் நடந்த போ மங்கீஸ், அதன் உரிமையாளர் வில்லி சீபெரி 2016இல் இறந்ததோடு மூடப்பட்டது. இவை நடத்துபவர் ஒருவரையே நம்பி நின்ற கடைகள். இன்னொரு பக்கம், நடிகர் மார்கன் ஃப்ரீமன் பங்குதாரராக இருந்து 2001இல் கிளார்க்ஸ்டேலில் திறந்த கிரவுண்ட் ஜீரோ என்ற ப்ளூஸ் கிளப், பழைய கிடங்கொன்றில், வேண்டுமென்றே கிழிந்த சோஃபாக்களை வாசலில் போட்டு வரவேற்கிறது. கிளார்க்ஸ்டேலில் ஏப்ரல் மாதம் ஜூக் ஜாயிண்ட் திருவிழாவே நடக்கிறது. வசவாக இருந்த சொல் இன்று சுற்றுலா விளம்பரம். பாட்டுக்காரர்களுக்குப் பிழைப்பு கிடைக்கிறது என்பதால் எனக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை. ஆனால் எது ஜூக், எது ஜூக் மாதிரி என்ற வித்தியாசத்தைச் சொல் இப்போது காட்டுவதில்லை.

காசு போட்டால் பாடும் இயந்திரம் 1889இலேயே சான் பிரான்சிஸ்கோவில் வந்துவிட்டது. ஆனால் ஜூக்பாக்ஸ் என்ற பெயர் 1930களின் கடைசியில்தான் ஒட்டிக்கொண்டது. ஆள் வைத்துப் பாடவைக்க வசதியில்லாத கடைக்கு ஐந்து சென்ட் நாணயத்தில் பாட்டு கிடைத்தது.

இனி, இந்தச் சொற்களைத் தமிழில் எப்படி எழுதுவது என்று பார்ப்போம். ப்ளூஸை ஜாஸைப் போல அப்படியே வைத்துக்கொள்வதே நல்லது. மனச்சோர்வை 'நீலப் பேய்கள்' என்று சொன்ன பழைய ஆங்கில வழக்கிலிருந்து வந்த பெயர் அது. தமிழில் நீலத்துக்கு அந்தச் சோகம் கிடையாது. 'நீல இசை' என்று போட்டால் வாசகர் வேறு எதையோ நினைத்துக்கொள்வார். ஜூக் ஜாயிண்டுக்குப் பத்திரிகைகளின் ஆயத்தச் சொல் 'கேளிக்கை விடுதி'. இது பொருந்தாது. விடுதி என்றதும் தங்கும் அறையும் வரவேற்பு மேசையும் நினைவுக்கு வரும். 'மதுக்கூடம்' பாட்டை விட்டுவிடுகிறது. 'இசையரங்கம்' குடியை விட்டுவிடுகிறது.

என் தேர்வு கூத்துக்கொட்டாய். கொட்டாய், கொட்டகை என்பதன் பேச்சு வடிவம். மாட்டுக்கும் அதுதான், டூரிங் சினிமாவுக்கும் அதுதான். கட்டிய செலவு குறைவு, நாளைக்கே பிரித்துவிடலாம் என்பதெல்லாம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. கூத்து இன்னும் பொருத்தம். ஒரு பக்கம் அது கலை. மறுபக்கம் 'என்னடா கூத்து இது', 'குடியும் கூத்துமாக அலைகிறான்', 'கூத்தடிக்கிறான்' என்று வீட்டுப் பெரியவர்கள் திட்டுவதும் அதையே வைத்துத்தான். கல்லா மொழியின் ஜுக்கில் உள்ள அடங்காத்தனம் இதில் அப்படியே வந்துவிடுகிறது. தெருக்கூத்து மேடை என்று யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக்கூடும் என்பது நியாயமான ஆட்சேபம். அதனால் கட்டுரையில் முதல் முறை ஜூக் ஜாயிண்ட் என்று எழுதி, அடுத்த வரியிலிருந்து கூத்துக்கொட்டாய் என்று தொடரலாம். கதையிலும் மொழிபெயர்ப்பிலும் தயங்காமல் நேராகவே போடலாம். ஜூக்பாக்ஸுக்குப் பாட்டுப்பெட்டி போதும்.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்கக் கால்பந்தில் எதிராளியை ஏமாற்றி உடலை ஒரு பக்கம் வளைத்து ஓடுவதையும் ஜூக் என்கிறார்கள். அது ஸ்காட்லாந்துப் பக்கத்துச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று அகராதிகள் கருதுகின்றன. அங்கே கொட்டாயைக் கொண்டுபோக வேண்டாம், போக்குக் காட்டுதல் என்றால் போதும்.