கரடி ஸ்ப்ரே முதுகுப் பைக்குள் இருந்தால் போதாது

கனடாவின் பான்ஃபில் மலைநடை வழிகாட்டியாக வேலை செய்கிறேன். கோடையில் டொராண்டோவிலிருந்து வரும் நம் குடும்பங்கள் தண்ணீர், சாப்பாடு, மழைச்சட்டை எல்லாம் சரியாகக் கொண்டுவருவார்கள். பாய்ந்து வரும் கரடியை விரட்ட அடிக்கும் கரடி ஸ்ப்ரே எங்கே என்று கேட்டால்தான் பையை இறக்கி, புளிச்சாத டப்பாவுக்கு அடியில் தேடுவார்கள்.

கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடி பாய்ந்து வந்தால் நமக்குக் கிடைப்பது சில விநாடிகள். குப்பி உறையோடு இடுப்பு பெல்ட்டில் தொங்க வேண்டும். குழந்தையை முதுகில் சுமப்பவருக்கு, சுமக்கும் பையின் இடுப்புப் பட்டை அதை மறைத்துவிடும். அவர் நெஞ்சுப் பட்டையில் மாட்டிக்கொள்ளட்டும். பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒன்று இருப்பது நல்லது. ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால், பிள்ளைகள் நடுவில்.

கிளம்பும் முன்பே பாதுகாப்பு கிளிப்பைக் கட்டைவிரலால் கழற்றி மாட்டிப் பழகுங்கள். பதற்றத்தில் விரல் நடுங்கும்போது பழக்கம்தான் கைகொடுக்கும். உள்ளே இருப்பது மிளகாய்க் காரம். பெரும்பாலும் 5 முதல் 10 மீட்டர் வரைதான் பாயும், சில விநாடிகளில் தீர்ந்தும் போகும். அதனால் தூரத்தில் நிற்கும் கரடிமேல் அடித்து வீணாக்க வேண்டாம். பாய்ந்து வரும்போது, முகத்துக்குச் சற்றுக் கீழே குறிவைத்து அடியுங்கள்.

கொசு மருந்து என்று நினைத்துப் பிள்ளைகள் மேலும் கூடாரத்தின் மேலும் இதை அடிப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கண்ணில் பட்டால் கசக்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் குப்பியை விட்டுப்போனால் வெடிக்கலாம். விமானத்தில் கொண்டுவரவும் முடியாது. இங்கே வந்து வாங்கலாம், வாடகைக்கும் கிடைக்கும். காலாவதித் தேதியைப் பாருங்கள்.

இத்தனைக்கும் ஸ்ப்ரே கடைசிக் காவல்தான். முதல் காவல் நம் குரல். ஜூலை, ஆகஸ்டில் பாதையோரப் புதர்களில் பஃபலோபெரி பழுக்கும். தின்பதில் மூழ்கிய கரடிக்கு நாம் வருவது தெரியாது. பையில் கட்டும் சின்ன மணியின் சத்தம் போதாது. வளைவுகளிலும் ஓடைக்கரையிலும் சத்தமாகப் பேசுங்கள், கைதட்டுங்கள். தமிழிலேயே கூப்பிடுங்கள், கரடிக்கு எல்லா மொழியும் ஒன்றுதான்.

எனக்கு மிகவும் பயம் தருவது, வளைவைத் தாண்டி முன்னால் ஓடும் பிள்ளைதான். கரடியைப் பார்த்துவிட்டால் யாரும் ஓடக் கூடாது. சின்னவர்களைத் தூக்கிக்கொண்டு, எல்லோரும் ஒன்றாக ஒட்டி நின்று, நிதானமாகப் பேசியபடியே மெல்லப் பின்வாங்குங்கள். படம் எடுக்க ஒருவரும் நிற்க வேண்டாம். குறைந்தது 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.