எஸ்எஸ்எம் எண் இருந்தால் போதுமா?

போன வாரமும் ஒருவர் வந்தார். ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்து, மாதம் 5 விழுக்காடு லாபம் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்தில் போட்டிருக்கிறார். சில மாதங்கள் ஒழுங்காக வந்த பணம் அப்புறம் நின்றுவிட்டது. கையில் அந்த நிறுவனத்துக்கு மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம் கொடுத்த பதிவுத் தாள். "ஐயா, அரசாங்கத்தில பதிஞ்ச கம்பெனிதானே, எப்படி ஏமாத்துவாங்க?" என்கிறார். பிரிக்ஃபீல்ட்ஸில் நிறுவனச் செயலாளர் வேலை பார்க்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

பதிவு வேறு, உரிமம் வேறு. 2016 நிறுவனச் சட்டப்படி ஒரே ஒரு ஆள், ஒரு ரிங்கிட் மூலதனத்தில் செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) தொடங்கலாம். பதிவுக் கட்டணம் 1000 ரிங்கிட். தனி வணிகமாகப் பதிந்தால் இன்னும் மலிவு: வணிகப் பெயருக்கு ஆண்டுக்கு 60 ரிங்கிட், சொந்தப் பெயருக்கு 30. என்ன தொழில் என்பதை எழுதித் தருவதும் பதிபவரேதான். 'வணிக ஆலோசனை' என்று போட்டுவிட்டு உள்ளே ஊரார் பணத்தை வாங்கிக் குவித்தாலும் அந்தத் தாளில் அது தெரியாது. எஸ்எஸ்எம் தருவது பிறப்புப் பத்திரம் மாதிரி. பிள்ளை நல்லவனா என்பதற்கு அதில் கட்டமே கிடையாது. இதைத்தான் படச்சட்டம் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், நம் ஆட்களும் கும்பிட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

மக்களிடம் வைப்புத்தொகை வாங்க மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் வேண்டும். இல்லாமல் வாங்கினால் 2013 நிதிச் சேவைச் சட்டப்படி 10 ஆண்டு வரை சிறை, 5 கோடி ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். வட்டிக்குக் கடன் கொடுப்பவருக்கு வீடமைப்பு, ஊராட்சி அமைச்சின் உரிமம் வேண்டும். அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு, அடமானம் இருந்தால் 12, அதற்கு மேல் வாங்கக் கூடாது. முதலீட்டு நிதியை நிர்வகிக்க செக்யூரிட்டிஸ் கமிஷன், நேரடி விற்பனைக்கு உள்நாட்டு வாணிப அமைச்சு. எங்கே பதிந்திருக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். என் பணத்தை வாங்க உங்களுக்கு உரிமம் கொடுத்தது யார் என்று கேளுங்கள்.

பேங்க் நெகாரா வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இல்லையே என்று சிலர் நிம்மதியாகிறார்கள். அந்தப் பட்டியல் முழுமையானது அல்ல என்று வங்கியே சொல்கிறது. நேற்று முளைத்த கம்பெனி அதில் எப்படி இருக்கும்?

"இவ்வளவு சட்டம் இருந்து என்ன பயன், வியாபாரிக்குத்தான் செலவு" என்பது அடுத்த புலம்பல். இதில் பாதி உண்மை. வாழையிலை உணவகம் வைத்திருக்கும் என் வாடிக்கையாளர் டிபிகேஎல் (மாநகர மன்றம்) உரிமம், பெயர்ப்பலகை உரிமம், சமையல் ஆட்களுக்கு டைபாய்டு ஊசி, சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி), ஈபிஎஃப், ஆண்டறிக்கை என்று வரிசையாகக் கட்டுகிறார். 2009இல் முடிதிருத்தகம், ஜவுளி, நகைத்தொழில் மூன்றுக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுப்பதை அரசாங்கம் நிறுத்தியதில் நம்மவர்கள் பட்ட பாட்டைச் சரியான ஒழுங்குமுறை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

ஆனால் 1986ஐயும் நினைத்துப் பார்க்க வேண்டும். வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் அந்த ஆண்டு முடக்கப்பட்டன. 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சேமிப்பு உள்ளே மாட்டிக்கொண்டது. அத்தனையும் பதிவு பெற்ற சங்கங்கள்தான்! பதிவு இருந்தது, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் ஆள் இல்லை. வங்கிகளின் கதை வேறு. இன்று உறுப்பு வங்கி ஒன்று விழுந்தால் வைப்புத்தொகைக்குக் காப்புறுதி தரும் அரசு அமைப்பான பிஐடிஎம் ஒவ்வொரு வைப்பாளருக்கும் 2,50,000 ரிங்கிட் வரை திருப்பித் தரும். அதற்கான கட்டணத்தை வங்கிகள் ஆண்டுதோறும் கட்டுகின்றன, அந்தச் செலவில் நம் பங்கும் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். என் கணக்கில் அது கொடுக்கத் தகுந்த செலவு. அந்தக் காவலுக்குப் பணம் கட்டிவிட்டு, காவல் இல்லாத இடத்தில் கொண்டுபோய்ச் சேமிப்பைக் கொட்டுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நிறுவனத்துக்கு மலேசியாவில் வசிக்கும் இயக்குநர் ஒருவராவது வேண்டும் என்பது சட்டம். அதனால் 'மாதம் சில நூறு தருகிறோம், பேரை மட்டும் கொடு தம்பி' என்று தேடி வருவார்கள். கொடுக்காதீர்கள். பொம்மை இயக்குநர் என்று சட்டத்தில் தனி வகை கிடையாது. பணம் போட்டவர்கள் போலீஸ் புகார் கொடுக்கும்போது கதவைத் தட்டுவது உங்கள் அடையாள அட்டையில் இருக்கும் வீட்டில்தான். உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு திறந்து கார்டைக் கேட்டாலும் இதே கதைதான்.

கடன் தர முன்பணம் கேட்டால் போனை வையுங்கள். மாத லாபம் உறுதி என்றால் எழுந்து வாருங்கள், அழைத்துப்போனது சொந்த மாமாவே ஆனாலும். பணம் இப்போதுதான் மோசடிக் கணக்குக்குப் போனது என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே மோசடிப் புகார் எண்ணான 997ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் பிடிக்க வழி இருக்கிறது.

அக்கா, அண்ணே, கையெழுத்துப் போடும் முன்னால் அந்தத் தாளை யாரிடமாவது காட்டுங்கள். என்னிடம்தான் வர வேண்டும் என்றில்லை, உங்கள் பக்கத்தில் இருக்கும் எந்தக் கணக்காளரும் பார்த்துச் சொல்வார். பார்த்துச் சொல்ல நான் காசு வாங்குவதில்லை.