ஓப்பன் சோர்ஸ்தானே, ஏற்றுமதி விதி எதற்கு?

"நாங்கள் ஓப்பன்எஸ்எஸ்எல்தானே சேர்த்திருக்கிறோம், அப்புறம் எதற்கு ஏற்றுமதி விதி?" செயலிகளை வெளியிடும் குழுக்களோடு வேலை செய்யும் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது தகவலைக் குறியாக்கம் செய்யும், அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் ஆயத்த நிரல் தொகுப்பு (நூலகம்). அதன் மூல நிரலை, அதாவது புரோகிராமர் எழுதிய வரிகளை, யாரும் பார்க்கலாம்; அதுதான் ஓப்பன் சோர்ஸ். ஆப் ஸ்டோரில் ஏற்றும்போது, செயலியில் குறியாக்கம் இருக்கிறதா என்று ஆப்பிள் கேட்கும். பலர் யோசிக்காமல் 'இல்லை' என்று அழுத்திவிடுகிறார்கள். ஆனால் கோப்பு போய்ச் சேர்வது அமெரிக்க சர்வருக்கு. நிறுவனம் கோவையில் இருந்தாலும், அங்கிருந்து வெளிநாடுகளுக்குப் போகும் செயலிக்கு அமெரிக்க ஏற்றுமதிச் சட்டம் பொருந்தும்.

ஒரு காலத்தில் குறியாக்க மென்பொருளை அமெரிக்கா ஆயுதப் பட்டியலிலேயே வைத்திருந்தது. மின்னஞ்சலைக் குறியாக்கம் செய்யும் பிஜிபி என்ற மென்பொருளை எழுதிய பில் சிம்மர்மனை ஆண்டுக்கணக்கில் விசாரித்து, 1996இல் வழக்குப் போடாமலே விட்டார்கள். இதற்கிடையே 1995இல் எம்ஐடி பதிப்பகம் பிஜிபியின் மூல நிரலைப் புத்தகமாக அச்சிட்டது. அச்சிட்ட தாளை ஆயுதம் என்று தடுப்பது சுலபமில்லையே! 2000இல் விதிகள் பெரிதும் தளர்ந்தன. எல்லோருக்கும் திறந்த மூல நிரல் என்றால், அது இணையத்தில் இருக்கும் முகவரியை அமெரிக்க வணிகத் துறைக்கும் தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏவுக்கும் மின்னஞ்சலில் தெரிவித்தால் போதும் என்ற நிலை வந்தது. 2021 மார்ச்சில், ஏஇஎஸ் போன்ற தரப்படுத்திய குறியாக்க முறைகளுக்கு அந்த மின்னஞ்சலும் தேவையில்லை என்றார்கள். எந்தத் தர அமைப்பும் ஏற்காத, வேறெங்கும் வெளியாகாத சொந்த முறையைப் பயன்படுத்தினால் மட்டும் இன்றும் அனுப்ப வேண்டும்.

இந்தச் சலுகை, எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்ட மூல நிரலுக்கும் அதிலிருந்து உருவான, கணினி நேரடியாக இயக்கும் பைனரிக்கும்தான். அதே நூலகத்தை எடுத்து, மூல நிரலைக் காட்டாத உங்கள் தயாரிப்புக்குள் வைத்தால், தயாரிப்பு எந்த ஏற்றுமதி விதிக்குள் வருகிறது என்று தனியாகத்தான் வகைப்படுத்த வேண்டும். நூலகத்தின் சலுகை கூடவே வராது. எல்லோரும் கடையில் வாங்கும் செயலி என்றால் பெரும்பாலும் சுலபமாக முடியும். சில வகைத் தயாரிப்புகளுக்கு ஆண்டுதோறும் பிப்ரவரி 1க்குள் அமெரிக்க அரசுக்கு அறிக்கை தர வேண்டும். ஐபோன் தரும் எச்டிடிபிஎஸ்ஸை (இணையத் தொடர்பைக் குறியாக்கம் செய்யும் முறை) மட்டும் பயன்படுத்தினால் ஆப்பிளுக்குத் தனி ஆவணம் வேண்டாம்.

இந்தியாவிலிருந்து விற்பவர்கள் ஏற்றுமதிக்கு அனுமதி தேவைப்படும் பொருட்களுக்கான நம் ஸ்கோமெட் பட்டியலின் 8ஆம் பிரிவையும் பார்க்க வேண்டும். குறியாக்கப் பொருட்கள் அதிலும் வருகின்றன. அனுமதி தருவது வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகமான டிஜிஎஃப்டி. எந்த நூலகம், எந்தப் பதிப்பு, எதற்காகக் குறியாக்கம் என்று வெளியீட்டுக் கோப்பிலேயே குறித்து வைக்கச் சொல்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஏற்றுமதி வகைப்பாட்டைக் கேட்கும் நாளில், அந்த நிரலை எழுதிய பொறியாளர் வேலை மாறிப் போயிருக்கலாம்.