கவரில் ஐம்பது வெள்ளி

ஏப்ரல் 18 தாண்டினால்தான் எனக்கு மூச்சு வரும். சிங்கப்பூரில் இணையத்தில் வருமான வரி தாக்கல் செய்ய அதுதான் கடைசி நாள். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். முக்கால்வாசிப் பேர் அந்த வாரத்தில்தான் வருவார்கள். இந்த வருடம் 16ஆம் தேதி மாலை ஒரு தம்பி வந்து பிஸ்கட் டின் ஒன்றை மேசையில் வைத்தார். சபையில் கீபோர்டு வாசிப்பவர், ஒலிப்பதிவும் மிக்ஸிங்கும் தெரிந்தவர். (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.)

டின்னுக்குள் பில் இல்லை, ரசீது இல்லை. எல்லாம் வெள்ளைக் கவர். ஒவ்வொன்றின் மேலும் நீல மையில் "காணிக்கை", அதன் கீழே ஒரு வேதவசனம். பணத்தைச் செலவழித்துவிட்டு, தொகையை மட்டும் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்திருந்தார். 50, 50, 30, 50.

"இந்த அம்பது எதுக்கு?"

"கிறிஸ்மஸ் பாட்டு மிக்ஸிங் அக்கா. மூணு பாட்டு."

"எத்தனை நாள் வேலை?"

"நாலு ராத்திரி."

வந்த காரணம் வேறு. கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தகுதிக் கடிதத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சொந்தத் தொழில்காரரிடம் வருமான வரி மதிப்பீட்டுக் கடிதம் கேட்பார்கள். இவர் இரண்டு வருடமாக எதையும் காட்டவில்லை. தாளில் வருமானம் இல்லாதவருக்கு எந்தக் கணக்கில் கடன் கொடுப்பார்கள்? "ஊழியத்துக்கு வரி உண்டான்னு எனக்குத் தெரியாது அக்கா" என்றார். இந்த வருடம் இப்படி வந்தவர்களில் இவர் நான்காவது ஆள்.

வரி உண்டு. கவரின் மேல் என்ன எழுதியிருந்தாலும் செய்த வேலைக்கு வந்த காசு வருமானம்தான். வருடத்துக்கு நிகர வருமானம் 6,000 வெள்ளியை, அதாவது டாலரை, தாண்டினால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக்கும் கட்ட வேண்டும். ஏற்கெனவே விட்டிருந்தால், உள்நாட்டு வருவாய் ஆணையம் கண்டுபிடிக்கும் முன் நீங்களாகப் போய்ச் சொல்லுங்கள். அபராதம் வெகுவாகக் குறையும், சீக்கிரம் போனால் இல்லாமலும் போகலாம்.

இது என் தொழில். சொல்லிவிட்டேன். ஆனால் எனக்கு எரிச்சல் வரியைப் பற்றி இல்லை.

"இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்." மத்தேயு 10:8. என்னிடம் வருகிற பாடகர், போட்டோ எடுப்பவர், பேனர் வரைபவர் எல்லோர் தலையிலும் யாரோ ஒருவர் இந்த வசனத்தைப் போட்டிருக்கிறார். வசனத்தின் முன்பாதியை யாரும் சொல்வதில்லை. வியாதியுள்ளவர்களைச் சொஸ்தமாக்குங்கள், மரித்தோரை எழுப்புங்கள், பிசாசுகளைத் துரத்துங்கள் என்று சீஷர்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் இயேசு இதைச் சொல்கிறார். அந்த வல்லமையை அவர்கள் இலவசமாகப் பெற்றார்கள். சரி. இந்தத் தம்பி கீபோர்டை இலவசமாகப் பெற்றாரா? 24 மாதத் தவணை. மிக்ஸிங் மென்பொருளுக்கு மாதச் சந்தா. எட்டு வயதிலிருந்து வகுப்புக் கட்டணம் கட்டியது டாக்சி ஓட்டிய அப்பா. இதில் இலவசம் எது? காது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன், காது கர்த்தர் கொடுத்தது. டாக்டரின் மூளையும் அவர் கொடுத்ததுதானே. கிளினிக்கில் போய் இந்த வசனத்தைச் சொல்லிப் பாருங்களேன்.

இரண்டே வசனம் தள்ளிப் போனால் 10:10. "வேலையாள் தன் ஆகாரத்துக்குப் பாத்திரனாயிருக்கிறான்." அதே வாய், அதே பேச்சு. லூக்கா 10:7 ஆகாரம் என்றுகூடச் சொல்லவில்லை, நேராகக் கூலி என்கிறது.

தாலந்து என்ற சொல்லையும் பாருங்கள். பாடுகிற பிள்ளையைத் தாலந்துள்ள பிள்ளை என்கிறோம். மத்தேயு 25இல் தாலந்து என்பது காசுக் கணக்கு. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. கூலிக்காரன் இருபது வருடம் உழைத்தால் ஒரு தாலந்து. ஐந்து தாலந்து வாங்கினவன் அதை வைத்து என்ன செய்தான்? "வியாபாரம்பண்ணி", "சம்பாதித்தான்" என்று நம் வேதாகமம் பச்சையாகவே எழுதியிருக்கிறது.

ஆலயப் பாடகர் சும்மா பாடினார்களா என்றால், அதுவும் இல்லை. நெகேமியா 11:23இல் பாடகர்களுக்கு அன்றாடப் படி கொடுக்க ராஜாவின் கட்டளையே இருக்கிறது. 13ஆம் அதிகாரத்தில் அந்தப் பங்கு நின்றுபோகிறது. ஆலயப் பணிவிடை செய்யும் லேவியரும் பாடகரும் தங்கள் வயல்களுக்கு ஓடிவிடுகிறார்கள். நெகேமியா ஓடினவர்களைத் திட்டவில்லை, தலைவர்களைப் பிடித்துக் கேட்கிறார். நம் சபைகளில் கீபோர்டு வாசித்த பையன் திடீரென்று வராமல் போனால் "விசுவாசத்துல பின்வாங்கிட்டான்" என்கிறோம். சனிக்கிழமை ராத்திரி கிராப் வாடகைக் கார் ஓட்டிவிட்டுத் தூங்குகிறானா என்று யாராவது விசாரித்தோமா?

"ஆபிரகாம் பண்டிதர் இசைக்கு இலவசமாத்தானே செஞ்சார்?" என்று ஒரு பெரியவர் என்னிடமே கேட்டார். செய்தார் ஐயா. தஞ்சாவூரில் அந்தத் தமிழிசை ஆய்வாளருக்குச் சித்த மருந்து வியாபாரம் ஓடியது; அதனால் சங்கீத மாநாடுகளைத் தன் காசில் கூட்ட முடிந்தது. "தேவனுக்கே மகிமை" என்று இசைத்தாளின் முடிவில் எழுதிய ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக், 1730இல் லைப்சிக்கிலிருந்து நண்பருக்கு எழுதிய கடிதத்தில் என்ன புலம்புகிறார் தெரியுமா? ஊரில் நல்ல காற்றாம், சாவு குறைவாம், அடக்க ஆராதனை வருமானத்தில் நூறு தாலருக்கு (அன்றைய ஜெர்மன் காசு) மேல் போய்விட்டதாம். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். கணக்கு வைத்திருந்திருக்கிறார்.

இலவசமாகச் செய்யவே கூடாதா? தாராளமாகச் செய்யுங்கள். என் சபைக் கணக்கை நானும் காசு வாங்காமல்தான் பார்க்கிறேன். அதைக் காணிக்கை என்று தீர்மானித்தது நான். என் உழைப்புக்கு இன்னொருவர் காணிக்கை என்று பெயர் வைத்தால் அது காணிக்கை ஆகாது. தாவீது பலிபீடம் கட்டப் போனபோது களத்துக்காரன் களத்தையும் மாட்டையும் சும்மாவே தருகிறேன் என்றான். தாவீது ஒப்பவில்லை. இலவசமாய் வாங்கி என் தேவனுக்குச் செலுத்தமாட்டேன் என்று விலை கொடுத்தார். எவ்வளவு? ஐம்பது சேக்கல் வெள்ளி. நம்மூர் வெள்ளி இல்லை.

கலைஞர்களே, உங்களையும் திட்ட வேண்டியிருக்கிறது. "எவ்ளோ தம்பி?" என்று கேட்டால் "நீங்க பாத்து செய்யுங்கண்ணே" என்கிறீர்கள். அண்ணன் பார்த்துச் செய்த பிறகு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறீர்கள். மிக்ஸிங் விலை அவருக்கு எப்படித் தெரியும்? வேலைக்கு முன்பே தொகையைச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் நாலு வரி போதும்: என்ன வேலை, எத்தனை திருத்தம், எவ்வளவு, எந்தத் தேதிக்குள். பாதியை முன்பணமாக வாங்குங்கள். இலவசமாகச் செய்தாலும் முழுத் தொகைக்குப் பில் போட்டு, கீழே கழிவு (தள்ளுபடி) என்று எழுதி அனுப்புங்கள். என்ன கொடுத்தீர்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியட்டும். அந்தக் கழிவை வரியில் நன்கொடையாகக் காட்ட முடியாது. உழைப்புக்கு அந்தச் சலுகை இல்லை. ரசீதுகளை ஐந்து வருடம் வைத்திருங்கள், தயவுசெய்து பிஸ்கட் டின்னில் வேண்டாம்.

2021 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் காப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், காணொளி, ஒலிப்பதிவு எல்லாவற்றுக்கும் முதல் உரிமை அதைப் படைத்தவருக்கே, வேறுமாதிரி எழுதிக் கொடுக்காதவரை. ஆகவே கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். வராத காசுக்கு, 20,000 வெள்ளி வரை, சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். சகோதரன்மேல் வழக்கா என்பீர்கள். அதற்குத்தான் முதலிலேயே எழுதி வாங்கச் சொல்கிறேன்.

ஊரிலிருந்து வந்து எம்ப்ளாய்மென்ட் பாஸிலோ எஸ் பாஸிலோ இருக்கும் தம்பி தங்கைகளுக்குக் கெஞ்சிக் கேட்கிறேன்: கல்யாண வீட்டில் வாசித்துக் காசு வாங்காதீர்கள். உங்கள் அனுமதி ஒரே முதலாளிக்கு. கவரில் எழுதிய "காணிக்கை" மனிதவள அமைச்சிடம் எடுபடுமா என்று சோதித்துப் பார்க்க வேண்டாம்.

தம்பி போன வாரம் தன் முதல் பில்லை எழுதிக் கொண்டுவந்தார். வேலை விவரம் என்ற இடத்தில் "காணிக்கை" என்றே எழுதியிருந்தார். கை பழகிவிட்டது. அடித்துவிட்டு "ஒலிக்கலவை, மூன்று பாட்டு, நான்கு இரவு" என்று எழுத வைத்தேன். அனுப்பி ஆறு நாள் ஆகிறது, காசு வரவில்லை. வியாழக்கிழமை நினைவூட்டச் சொல்லியிருக்கிறேன். வசனம் போடாமல்.