ஜெனட்டிக்: பரம்பரை நோயா, மரபணுச் சாய்வா?

மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) பற்றிப் பேசும்போது கோலாலம்பூர் டாக்டர்கள் 'ஜெனட்டிக்' என்ற சொல்லையும் எடுப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் நம்மவர்கள் அதைப் 'பரம்பரை வியாதி' ஆக்கிவிடுகிறார்கள். அப்புறம் மகளுக்கு வரன் பார்க்கும்போதுகூட அது பேச்சில் அடிபடும். இது தேவையில்லாத பயம்.

'ஜீன்' என்ற சொல்லை 1909இல் கொடுத்தவர் டென்மார்க்கின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோகான்சன். பிறப்பைக் குறிக்கும் கிரேக்க வேர் அதற்கு அடிப்படை. தமிழில் மரபணு, அதைப் பற்றிய துறை மரபியல். இந்த இரண்டாவது சொல் நமக்குப் புதிதே அல்ல. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயலுக்குப் பெயரே மரபியல்தான். குட்டி, குருளை, கன்று, பறழ் என எந்த விலங்கின் இளமையை எப்படி அழைப்பது என்ற வழக்கை அது சொல்லும். வழக்கைக் குறித்த சொல் உயிரியலுக்கும் பொருந்திப்போனது அழகு.

சரி, 'ஜெனட்டிக்' என்றால் 'மரபணு சார்ந்த' என்பதுதான் பொருள். ரத்தசோகை தரும் தலசீமியா, பெற்றோரின் பழுதான மரபணுக்களால் நேரடியாக வரும் பரம்பரை நோய். முடக்குவாதத்தை அப்படிச் சொல்ல முடியாது. ஒரே மரபணுக்கள் கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு இது வந்தால், மற்றவருக்கும் வருவது 100க்கு ஏறக்குறைய 15 பேருக்குத்தான். அதனால் 'மரபணுச் சாய்வு' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, விழுந்தே தீரும் என்றில்லை.

அந்தச் சாய்வில் பெரும்பங்கு நோய் எதிர்ப்பு அமைப்போடு தொடர்புடைய எச்எல்ஏ-டிஆர்பி1 மரபணுவின் சில வகைகளுக்கு உண்டு. மலேசியாவின் முடக்குவாத ஆய்வான மைஐரா மலாய், சீன, இந்திய நோயாளிகளிடம் இவற்றைத் தேடிப் பார்த்தது. இந்த வகைகள் உள்ளவர் சிகரெட்டும் பிடித்தால் ஆபத்து பலமடங்கு கூடுகிறது.

மரபணுவைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுக்கும் நிலை இன்னும் வரவில்லை. பெரும்பாலோருக்கு முதல் மருந்து மெத்தோட்ரெக்ஸேட்தான். ஆனால் இதே நோய்க்குத் தரும் இன்னொரு மருந்தான சல்ஃபாசலசின் எழுதினால் ஒன்றைக் கவனியுங்கள். ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அந்த மருந்து ரத்த அணுக்களை உடைக்கக்கூடும். இங்கே பிறந்த குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்திலேயே பார்த்துவிடும் குறைபாடு அது. அதைத் தாராளமாகப் பரம்பரை என்று சொல்லலாம், டாக்டரிடமும் சொல்லிவிட வேண்டும்.