காலி டிரம்மை அறுக்கச் சொல்லாதீர்கள்

"காலி டிரம்தானே அண்ணே, நடுவுல அறுத்துக் குடுங்க. பார்பிக்யூ அடுப்பு செய்யணும்." வெல்டிங் பட்டறை வாசலில் இப்படி இறக்கி வைக்கப்படும் 200 லிட்டர் டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்பது பெரும்பாலும் கொண்டுவந்தவருக்கே தெரியாது.

காலி என்பதுதான் சிக்கலே. நிறைந்த டிரம்மில் காற்றுக்கு இடமில்லை. காலி டிரம்மில் எண்ணெய் ஆவியும் காற்றும் கலந்து கிடக்கும். ஒரு மேசைக்கரண்டி பெட்ரோல், ஏறத்தாழ 15 மில்லி, ஆவியானால் போதும். மொத்த டிரம்மும் வெடிக்கும் பதத்துக்கு வந்துவிடும். "மூடியைத் திறந்து வெயில்ல வச்சேன்" என்பார்கள். அந்த ஆவி காற்றைவிடக் கனம், அடியிலேயே படுத்திருக்கும். "சோப்புப் போட்டுக் கழுவினேன்." அடித்தட்டு மடிப்புக்குள் இறங்கியது கழுவினால் வராது. "டீசல்தான் இருந்துச்சு, லேசுல பத்தாதே." கேஸ் கட்டிங் சூட்டில் டீசலும் ஆவியாகும். "கேஸ் வேண்டாம், கிரைண்டர்ல அறுங்க." கிரைண்டரில் பறப்பது பூவா? முகர்ந்து பார்த்து வாசமே இல்லை என்று சான்றிதழ் கொடுப்பவர்களும் உண்டு. அவர்களிடம் பேசிப் பயனில்லை.

பூச்சிமருந்து, தின்னர், ரெசின் இருந்த டிரம்மை எத்தனை தடவை எரித்தாலும் சமையலுக்கு ஆகாது.

புதுத் தகடு வாங்குங்கள். 8க்கு 4 அடி, 3 மி.மீ. எம்.எஸ். (சாதாரண இரும்பு) ஷீட் ஒன்று சுமார் 70 கிலோ. அதில் 180க்கு 90 செ.மீ. துண்டை ரோலிங் போட்டால் (உருட்டி வளைத்தால்) 57 செ.மீ. விட்டத்தில் உருளை, மிச்சத்தில் பக்க வட்டங்கள் இரண்டும் வந்துவிடும். டிரம் தகடு 1 மி.மீ. அளவுதான், காற்றடித்தாலே சூடு இறங்கிவிடும். ஆகவே விலையைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம்.

புகையூட்ட, அதாவது கறியை மெதுவாகப் புகைச் சூட்டில் வேகவைக்க, தனி நெருப்புப் பெட்டி வேண்டும். 40 செ.மீ. கனசதுரம், கிட்டத்தட்ட 64 லிட்டர், உருளையின் கொள்ளளவில் கால் பங்குக்குச் சற்று அதிகம். அதை உருளையின் ஒரு பக்கத்தில் சற்றுத் தாழ்வாகப் பொருத்துங்கள். இரண்டுக்கும் நடுவே 200 சதுர செ.மீ. வழி, பெட்டியில் காற்று நுழைய 75 சதுர செ.மீ. திறப்பு, அதற்கு நகரும் மூடி. 4 இன்ச் புகைபோக்கி எதிர்முனையில், கிரில் தட்டின் மட்டத்திலிருந்து கிளம்ப வேண்டும். உருளையின் உச்சியில் வைத்தால் சூடு மேலோடு ஓடிவிடும், கறி பச்சையாகவே கிடக்கும். வழிக்கு நேரே சாய்வாக ஒரு தடுப்புத் தகடு இல்லையென்றால் அந்தப் பக்கத்துக் கறி கருகும். கீழே கொழுப்பு வடிய 1 இன்ச் துளையை மறந்தால் தேங்கிய கொழுப்பே பற்றிக்கொள்ளும்.

கரி கிரில்லாகப் பயன்படுத்தும்போது கரித்தட்டு கிரில் தட்டுக்கு 15 முதல் 18 செ.மீ. கீழே இருக்கட்டும். உருளையின் பக்கத் தகட்டிலும் அடியில் 2 இன்ச் காற்றுத் துளை இரண்டு, மூடியோடு. தெர்மாமீட்டர் கறி இருக்கும் உயரத்தில். புகையூட்டலுக்கு 105 முதல் 120 டிகிரி செல்சியஸ் போதும். கோழி மட்டும் உள்ளே 74 டிகிரியைத் தொட்டாக வேண்டும். மெல்லிய நீலப் புகை நல்லது. வெள்ளையாகக் குபுகுபுவென வந்தால் காற்று போதவில்லை, கறி கசக்கும்.

கிரில் தட்டுக்கு 6 மி.மீ. எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு) ராடு. தயவுசெய்து ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) வலை, பழைய ஃபிரிட்ஜ் தட்டு வேண்டாம். எலுமிச்சையும் தயிரும் சேர்ந்த மசாலா துத்தநாகத்தைக் கரைக்கும். (ஜிஐயை வெல்டிங் செய்பவருக்குச் சாயந்திரம் காய்ச்சல் வரும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.) சூடு தாங்கும் பெயின்ட் வெளியே மட்டும்; உள்ளே சமையல் எண்ணெய் தடவி மூன்று மணி நேரம் வெறும் அடுப்பை எரியுங்கள்.

விறகுக்குக் கொய்யா, மா, புளி. பிளைவுட், பெயின்ட் அடித்த பலகை, அரளி கூடவே கூடாது.

மழை வந்தாலும் அடுப்பைக் கார் ஷெட்டுக்குள்ளோ, மூடிய பால்கனிக்குள்ளோ இழுக்காதீர்கள். கரி கனிந்து புகை நின்ற பிறகுதான் உள்ளே கொண்டுபோகத் துணிவு வரும். கார்பன் மோனாக்சைடு அப்போதும் வந்துகொண்டிருக்கும், அதற்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. சாம்பலை முழுதாக ஆறும் வரை இரும்பு வாளியிலேயே மூடி வையுங்கள். பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் கொட்டுவது அதற்கப்புறம்.